எடை குறைய... மாத்திரையா, ஊசியா?

'ஊசின்னாலே எனக்குப் பயம் டாக்டர்... மாத்திரையா குடுத்துடுங்களேன்!'

எடையைக் குறைக்க நினைக்கும் நீங்களும் இப்படித்தான் கேட்பீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்று அதிகம் பேசப்படும் செமாக்ளுடைட் மருந்து, சாப்பிட்டதும் நம் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போலவே வேலை செய்கிறது. பசி அடங்கும், 'போதும்' என்ற உணர்வு சீக்கிரமே வந்துவிடும். இது மாத்திரையாகவும் உண்டு, ஊசியாகவும் உண்டு.

மாத்திரை என்றால்...

இந்த மருந்து புரத வகையைச் சேர்ந்தது. வயிற்றுக்குள் போனால் பருப்பு மாதிரி செரித்துவிடும். அதைத் தடுக்க வேறொரு பொருளைச் சேர்த்துத்தான் மாத்திரை செய்கிறார்கள். அப்படியும் ரத்தத்தில் சேர்வது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை! அதனால்தான் இத்தனை கெடுபிடி. தினமும் காலையில் வெறும் வயிற்றில், 120 மி.லி.க்கு மிகாத வெறும் தண்ணீரில் முழுசாக விழுங்க வேண்டும். அடுத்த அரை மணி நேரத்துக்குக் காபிகூடக் கூடாது. வேறு மாத்திரையும் கூடாது. 'எழுந்ததும் காபி இல்லாம முடியாது' என்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

ஊசி என்றால்...

வாரத்துக்கு ஒன்றே ஒன்று. பேனா போன்ற கருவியால் வயிற்றிலோ தொடையிலோ நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஊசி மிக மெல்லியது. ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது.

பலன் எதில் அதிகம்?

ஆய்வுகளில், வாரம் 2.4 மி.கி. ஊசி போட்டவர்களுக்கு 68 வாரங்களில் சராசரியாக 15 சதவிகித எடை குறைந்தது. தினமும் 25 மி.கி. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 64 வாரங்களில் 13.6 சதவிகிதம். இரு தரப்பினருமே உணவைக் குறைத்து, உடற்பயிற்சியும் செய்தவர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். எடை குறைப்புக்கான 25 மி.கி. மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2025 டிசம்பரில். 2022-ல் இந்தியாவுக்கு வந்த 3, 7, 14 மி.கி. மாத்திரைகள் சர்க்கரை நோய்க்கானவை. பக்கத்து வீட்டு மாமி சாப்பிடுகிறாரே என்று வாங்கி விழுங்காதீர்கள்!

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் இரண்டிலும் வரலாம். கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் 2 மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ, உங்களுக்குக் கணைய அழற்சி வந்திருந்தாலோ டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், பாதியில் நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். ஆகவே 'எது சுலபம்?' என்று கேட்காதீர்கள். 'எதை என்னால் விடாமல் தொடர முடியும்?' என்று கேளுங்கள். பதில் தெரிந்ததும் டாக்டரிடம் போங்கள்.