உங்களுக்குத் தெரியுமா? அடி இறங்கினால், அதாவது கர்ப்பப்பை கீழிறங்கினால், அதை எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை!

பெரம்பலூரின் பருத்தி, மக்காச்சோளக் காடுகளிலும் அரியலூர்ப் பக்கத்து முந்திரித் தோப்புகளிலும் பாடுபடும் பெண்களில் சிலர், அடிவயிறு கனத்து ஏதோ கீழே இறங்குவதுபோல் இருந்தாலும் வாய் திறப்பதில்லை. இருமினால் சிறுநீர் கசிவதையும் வயதின் கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள். இடுப்புத்தளத் தசைகள் தளர்வதே காரணம். அடுத்தடுத்த பிரசவம், கனமான சுமை, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் எல்லாம் அவற்றைத் தளர்த்தும்.

தொடக்க நிலையில் பயிற்சியே நன்கு உதவும். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் விவரித்த முறை இது: சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கி, சில நொடி நிறுத்தி, தளர்த்த வேண்டும். சற்று அதிகமாக இறங்கியிருந்தால் உள்ளே பொருத்தும் சிலிகோன் வளையம் தாங்கும். அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். கர்ப்பப்பையை எடுக்காமலே தூக்கி நிறுத்தும் அறுவை சிகிச்சையும் உண்டு. இளம்பெண்களுக்காக அதில் முன்னோடியாக உழைத்தவர்களில் ஒருவர் மும்பை மருத்துவர் வி.என். ஷிரோத்கர்.

அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இயங்குகிறது. அங்குள்ள மகப்பேறு, மகளிர் நலப் பிரிவில் கூச்சமின்றிச் சொல்லுங்கள். மாதவிடாய் நின்றபின் இரத்தம் பட்டால் மருத்துவரைப் பார்ப்பதை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.