இருபதாம் தேதிக்கு மேல்

மும்பையில், செம்பூரில் லிஃப்ட் வைத்த சொசைட்டியில் இருந்தாலும் சரி, தாராவி 90 அடி ரோட்டுக்குப் பின்னால் சந்துக்குள் இருந்தாலும் சரி, மளிகைக் கணக்கைப் பற்றிய புலம்பல் மட்டும் மாறுவதில்லை. "ஒண்ணாம் தேதி எல்லாம் கணக்காத்தான் வாங்கினேன். இருபதாம் தேதிக்கு மேல பணம் எங்க போச்சுன்னே தெரியலை." உட்காருங்கள், டீ வரட்டும். அது எங்கே போகிறது என்று நிதானமாகப் பார்த்துவிடலாம்.

கை கடிக்கும்போது நாம் முதலில் கை வைப்பது அரிசி, பருப்பில்தான். பொன்னியை விட்டுக் கோலம் அரிசிக்கு மாறுவோம், துவரம்பருப்பில் அரைக் கிலோ குறைப்போம். ஆனால் பணம் ஒழுகும் இடம் அதுவாக இருப்பது அபூர்வம். மத்திய அரசின் 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நகரத்தில் இருக்கும் இந்தியர் ஒருவருக்கு மாதம் சராசரியாக 6,459 ரூபாய் செலவானது. அதில் உணவின் பங்கு 39 சதவீதம். அரிசி, கோதுமை வகையறாவுக்கு மொத்தச் செலவில் 5 சதவீதம்கூடப் போகவில்லை. பானங்கள், பலகாரம், பாக்கெட்டில் வரும் தின்பண்டம் எல்லாம் சேர்ந்து 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. சோற்றுக்கு ஆவதைப்போல இரண்டு மடங்கு நொறுக்குக்கும் வெளி டீக்கும் போகிறது என்றால், அரிசியை மாற்றி மிச்சம் பிடிப்பது எவ்வளவு தூரம் வரும்?

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சம்பளம் மாதத்துக்கு ஒரு தடவை வருகிறது. சமையலறைச் செலவோ நாலு விதமாக நடக்கிறது: சில தினமும், சில வாரத்துக்கு ஒருமுறை, சில மாதத்துக்கு ஒருமுறை, சில வருஷத்துக்கு ஒருமுறை. நாலுக்கும் ஒரே பர்ஸிலிருந்து எடுத்தால், தினச் செலவு மற்ற மூன்றையும் தின்றுவிடும். நாலையும் தனித்தனியாகப் பிரித்து வைப்பதுதான் பட்ஜெட். தொகையைக் குறைப்பது அதற்குப் பிறகு வரும் வேலை.

மாதச் சாமானிலிருந்து தொடங்குவோம். அரிசி, பருப்பு, உளுந்து, எண்ணெய், ரவை, சர்க்கரை, காபித்தூள், சோப்பு. இதற்குப் பழைய வழியே போதும்: டப்பாக்களைத் திறந்து பார்த்துவிட்டுச் சீட்டு எழுதுவது. கடையில் நின்று யோசிப்பவர் வாங்குவதும், சீட்டோடு போகிறவர் வாங்குவதும் ஒன்றாக இருக்காது.

இங்கே கண்ணைத் திறந்து வைக்க வேண்டிய இடம் எண்ணெய் பாக்கெட். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் இருக்கும். பாக்கெட் இன்ன அளவில்தான் இருக்க வேண்டும் என்ற பழைய விதியை எடுத்துவிட்ட பிறகு, பார்வைக்கு அதே உயரம், அதே பளபளப்பில் 850 கிராம், 800 கிராம் பாக்கெட்டும் அலமாரியில் வந்து நிற்கிறது. பேச்சுக்கு, லிட்டர் பாக்கெட் 150 ரூபாய், பக்கத்தில் 800 கிராம் பாக்கெட் 138 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை தானாக 138-க்குப் போகும். 100 கிராமுக்கு வகுத்துப் பாருங்கள்: முதலாவது சுமார் 16 ரூபாய் 50 காசு, இரண்டாவது 17 ரூபாய் 25 காசு. பன்னிரண்டு ரூபாய் மிச்சம் என்று எடுத்ததுதான் விலை கூடியது. கிராமுக்கு என்ன விலை என்பதைப் பாக்கெட்டிலேயே சின்ன எழுத்தில் அச்சிட வேண்டும் என்று இப்போது சட்டமே இருக்கிறது. எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் தேடினால் கிடைக்கும்.

அரிசிக்கும் இப்படி ஒரு சூட்சுமம் உண்டு. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுப் பாக்கெட்டுகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உதிரியாக நிறுத்து வாங்கினால் இல்லை, 25 கிலோவைத் தாண்டிய மூட்டைக்கும் இல்லை. 26 கிலோ அரிசி மூட்டை என்று புதிதாக ஒன்று முளைத்த ரகசியம் இதுதான். வீட்டில் இடமும் தின்பதற்கு ஆளும் இருந்தால் மூட்டை லாபம். நூற்றைம்பது சதுர அடி ஒற்றை அறைக் 'கோலி'யில் மூட்டை வாங்கி மழைக்காலத்தில் வண்டு விழவிட்டால் நஷ்டம்.

அடுத்தது வாரச் செலவு: காய்கறி, பழம், முட்டை, மீன். இதில் எல்லோரும் இடறும் இடம் வகுத்தல். மாதத்துக்கு நாலு வாரம் என்று பணத்தை நாலாகப் பிரிப்போம். முப்பது நாளில் நாலு வாரம் போக இரண்டு நாள் மிச்சம், முப்பத்தொன்றில் மூன்று நாள். அந்த நாட்களுக்குப் பணம் ஒதுக்காததால்தான் கடைசியில் கடன் சொல்லும்படி ஆகிறது. ஐந்தாகப் பிரியுங்கள். ஐந்தாவது கவர் அந்த இரண்டு மூன்று நாளுக்கும், நடுவில் எகிறும் விலைக்கும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போனது நினைவிருக்கும். மழைக்காலத்தில் தக்காளியோ, வெங்காயமோ, கொத்தமல்லியோ ஏதாவது ஒன்று ஆட்டம் காட்டுவது இங்கே வழக்கம். வழக்கமாக வருவதை 'எதிர்பாராத செலவு' என்று சொல்லிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

மாட்டுங்கா மார்க்கெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன வெங்காயம், வாழைப்பூ, முருங்கைக்காய், சேனை என்று ஊர்க் காய் எல்லாம் கிடைக்கும், போனால் மனசு நிறையும். தூரத்திலிருந்து வரும் காய்க்கு அந்தத் தூரத்தின் கூலியும் சேர்த்துத்தான் விலை. வாரம் முழுக்க ஊர்க் காயே வேண்டும் என்றால் கவர் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் இருக்கட்டும். மற்ற நாளுக்கு, வீட்டுக்குக் கீழே வண்டிக்காரர் 'துதி' என்று கூவி விற்கும் சுரைக்காயும் மேத்திக் கீரையும் போதும். கூட்டு, கூட்டுத்தான்.

தினச் செலவுதான் ஆளை விழுங்கும் பகுதி. பால், பாவ், பிள்ளைகளின் பிஸ்கட், சாயங்கால வடாபாவ், மறந்துபோன கருவேப்பிலை. ஒவ்வொன்றும் இருபது முப்பது ரூபாய் என்பதால் யாரும் எழுதி வைப்பதில்லை. இப்போது பத்து நிமிஷத்தில் கொண்டுவரும் ஆப்களும் சேர்ந்துவிட்டன. கொத்தமல்லி ஒரு கட்டு வேண்டும் என்று போனைத் திறப்பீர்கள். டெலிவரி சார்ஜ் போடக் கூடாது என்று சிப்ஸும் ஐஸ்கிரீமும் சேர்ப்பீர்கள். பத்து ரூபாய்ச் சாமான் இருநூறு ரூபாயாக வாசலுக்கு வரும். ஜிபேயில் போவதால் பர்ஸ் மெலிவதும் கண்ணில் படாது. தினச் செலவை மட்டுமாவது நோட்டாக மாற்றி ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். டப்பா காலியானால் அன்றைக்கு வடாபாவ் இல்லை.

கடைசியில் வருஷச் செலவு. பலருக்குப் பட்ஜெட்டில் இந்த வரியே கிடையாது. புளியும் மிளகாயும் மல்லியும் புதுசாக வந்து இறங்குவது மாசி, பங்குனி, சித்திரையில். அப்போது வாங்கிக் காயவைத்து அரைத்துக்கொண்டால் தரமும் நன்றாக இருக்கும், விலையும் படியும். மராத்திக் குடும்பங்கள் கோடையில் லால்பாக் மசாலாக் கடைகளில் வரிசை நிற்பது இதற்குத்தான். நம்மவர்கள் மே மாத லீவில் நெல்லைக்கோ தூத்துக்குடிக்கோ போய்த் திரும்பும்போது வற்றல், கருப்பட்டி, மசாலாப் பொடி, கருவாடு என்று மூட்டை கட்டி ரயிலேற்றுவதும் இதே கணக்கு. ஜூனில் மேற்குக் கரையில் மீன்பிடித் தடை தொடங்கி மீன் விலை ஏறும்போது அந்தக் கருவாடுதான் கைகொடுக்கும். இதற்கு மாதாமாதம் ஒரு சின்னத் தொகை எடுத்துவைத்தால் ஏப்ரல் மாதம் மூச்சு முட்டாது.

இனி நோட்டில் போட்டுப் பார்ப்போம். நாலு பேர் உள்ள வீட்டில் மளிகைக்கு 12,000 ரூபாய் என்று வைப்போம். மாதச் சாமான் 5,000. வாரச் செலவு 3,500, அதாவது 700 ரூபாய்க் கவர் ஐந்து. பால் லிட்டர் 58 ரூபாய் என்றால், தினம் ஒரு லிட்டருக்கு முப்பது நாளில் 1,740. அதோடு நாளுக்கு 32 ரூபாய் சில்லறைச் செலவு சேர்த்தால் தினச் செலவு 2,700. வருஷச் சாமானுக்கு 500. கூட்டினால் 11,700. மிச்சம் 300 விருந்தாளிக்கு. நாளுக்கு 32 ரூபாய்தானா என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வி வரத்தான் வேண்டும். இதுவரை அந்த இடத்தில் எவ்வளவு போய்க்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறைக்கும். 32 போதாது என்றால் 60 ஆக்குங்கள், ஆனால் கூடும் 840 ரூபாயை எந்த வரியிலிருந்து எடுக்கிறீர்கள் என்று எழுதிவிட்டு ஆக்குங்கள்.

இதெல்லாம் ஒன்றாம் தேதி சம்பளம் வருகிறவர்களுக்கு. தாராவியில் பாதிச் சந்துகளில் கதை தலைகீழ். கூலி அன்றாடம் வருகிறது, அல்லது சனிக்கிழமை வருகிறது. சாமானும் அன்றாடம்தான்: கால் கிலோ பருப்பு, பத்து ரூபாய் எண்ணெய். கால் கிலோவாக வாங்குகிறவர் கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு ரூபாய் கூடக் கொடுக்கும்படி ஆகிவிடுகிறது. அண்ணாச்சி கடையில் நோட்டில் எழுதி வாங்கினால் விலை பேச வாயும் வராது. கையில் மொத்தமாகப் பணம் இல்லாததற்குக் கட்டும் அபராதம் இது. அவர்களைப் பார்த்து 'சிக்கனமாக இருங்கள்' என்று சொல்வதற்கு நமக்கு வாய் வரக் கூடாது.

அதற்கும் ஒரு வழி அந்தச் சந்துக்குள்ளேயே இருக்கிறது. சீட்டு, இங்கே பிஷி என்கிறார்கள். நகைக்கும் கல்யாணத்துக்கும் போடும் சீட்டை மளிகைக்கும் போடலாம். பத்து வீடு, வீட்டுக்குத் தினம் 40 ரூபாய் என்றால் முப்பது நாளில் 12,000. அதில் அரிசி மூட்டையும் 15 கிலோ எண்ணெய் டின்னும் பருப்பும் வாங்கிப் பத்தாகப் பிரித்தால், தினக் கூலிக்காரர் மாதச் சம்பளக்காரரின் விலைக்கு வாங்குகிறார். வீட்டிலேயே இட்லி அவித்துச் சைக்கிளில் அனுப்புகிறவர்கள், முறுக்கு சுற்றுகிறவர்கள் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும்: வியாபார உளுந்துக்கு ஒரு டின், வீட்டு உளுந்துக்கு ஒரு டின். இரண்டும் கலந்தால் வியாபாரத்தில் லாபமா, வீட்டில் செலவா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

ரேஷனையும் விட்டுவிடாதீர்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் முன்னுரிமைக் குடும்பத்துக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ, அந்த்யோதயா குடும்பத்துக்கு 35 கிலோ தானியம். 2023 ஜனவரியிலிருந்து அது இலவசம். கார்டு தமிழ்நாட்டில் இருக்கிறதே என்று சும்மா இருக்க வேண்டாம். அந்தச் சட்டத்தின் கீழ் வரும் கார்டு என்றால், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் மும்பைக் கடையில் கைரேகை வைத்து இங்கிருப்பவரின் பங்கை வாங்கலாம், ஊரில் இருப்பவர் அவர் பங்கை அங்கே வாங்கலாம். தமிழக அரசு தன் கணக்கில் கொடுக்கும் துவரம்பருப்பும் பாமாயிலும் இங்கே கிடைக்காது. அவை ஊர்க் கடைக்கு மட்டும்.

சேர்ந்து வாங்குவது மும்பைக்குப் புதிதில்லை. நாய்காவில் தொழிலாளர் கூட்டுறவாகத் தொடங்கிய அப்னா பஜாருக்கு வயது 1948-லிருந்து எண்ண வேண்டும். 1975-இல் தொடங்கிய மும்பை கிராஹக் பஞ்சாயத் இன்னும் ஒரு படி மேலே போனது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து மாதம் ஒருமுறை ஆர்டர் எழுதிக் கொடுக்கும். மொத்தக் கொள்முதல் விலையில் சாமான் ஒரு வீட்டுக்கு வந்து இறங்கும். அங்கத்தினர்களே பிரித்து எடுத்துக்கொள்வார்கள். இதில் விலை குறைவதோடு வேறொரு லாபமும் இருக்கிறது. ஆர்டர் எழுதும் நாள் தவறினால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். அந்தக் கட்டாயமே டப்பாவைத் திறந்து பார்க்கும் பழக்கத்தைக் கொண்டுவந்துவிடும்.

இவ்வளவு செய்தும் சில மாதங்களில் கணக்கு உதைக்கும். அதற்கு நீங்கள் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. 2024 செப்டம்பரில் அதன் இறக்குமதி வரியை உயர்த்தியபோது பாக்கெட் விலையும் சேர்ந்து ஏறியது. எந்தச் சிக்கனமும் அதைத் தடுத்திருக்காது. 1972-இல் வறட்சியும் விலைவாசியும் சேர்ந்து அடித்தபோது, மிருணாள் கோரே, அஹில்யா ராங்ணேகர் போன்ற தலைவர்களோடு இந்த ஊர்ப் பெண்கள் பூரிக்கட்டையும் தட்டுமாகத் தெருவுக்கு வந்தார்கள். அரிசி, எண்ணெய், மண்ணெண்ணெய் விலைக்கு அரசிடம் பதில் கேட்டார்கள்.

அப்படிக் கேட்பதற்கும், ராத்திரி வீட்டில் "என்னதான் செலவு பண்றே?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்வதற்கும் ஒரு நோட்டு வேண்டும். முழுக் கணக்கு எழுத முடியாவிட்டால் பால், எண்ணெய், பருப்பு மூன்றையும் என்ன அளவு, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று மட்டும் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஆறு மாதம் போனால் எது நம் கையால் போனது, எது விலையால் போனது என்று அந்த நோட்டே பிரித்துச் சொல்லிவிடும். முதலாவதைத் திருத்தலாம். இரண்டாவதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டியதில்லை.