வார்த்தை மறந்தது, பாட்டு நிற்கவில்லை!

1960-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி. ஜெர்மனியில் உள்ள பெர்லின் நகரம்.

"டாய்ச்லாந்து ஹாலே" என்ற பிரமாண்டமான மண்டபத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் கூடி இருந்தார்கள்.

மேடையில் ஒரு பெண் பாடிக்கொண்டு இருந்தார். வயது 42. அமெரிக்காவின் கறுப்பு இனத்தைச் சேர்ந்தவர். அவருக்குப் பின்னால் நான்கே நான்கு வாத்தியக்காரர்கள்.

அவர் ஒரு பாட்டைத் தொடங்கினார். கத்தியோடு திரியும் ஒரு கொலைகாரனைப் பற்றிய பாட்டு அது. "மேக் தி நைப்" என்று பெயர்.

இந்தப் பாட்டை ஒரு பெண் பாடித் தான் கேட்டது இல்லை என்று சபையோரிடம் சொன்னார். வார்த்தைகள் நினைவில் இருக்க வேண்டுமே என்று சிரித்தார். பிறகு பாடத் தொடங்கினார்.

முதல் அடி சரியாக வந்தது. அடுத்த அடியும் சரி. பாட்டு சூடு பிடித்தது.

திடீர் என்று, அடுத்த வரி மறந்துவிட்டது!

எதிரே ஆயிரக்கணக்கான மக்கள். பின்னால் வாத்தியங்கள் முழங்கிக்கொண்டு இருக்கின்றன. போதாக்குறைக்கு, இசைத்தட்டு போடுவதற்காக ஒலிப்பதிவு எந்திரமும் ஓடிக்கொண்டு இருக்கிறது.

அந்தப் பாடகி என்ன செய்தார்?

அதைத் தெரிந்துகொள்வதற்கு முன், அவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தாயை இழந்த சிறுமி

அவர் பெயர் எல்லா பிட்ஜெரால்டு. "எல்லா" என்பது ஆங்கிலத்தில் பெண்களுக்கு வைக்கும் பெயர்.

அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள நியூபோர்ட் நியூஸ் என்ற ஊரில் 1917-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி பிறந்தார். சிறு குழந்தையாக இருந்தபோதே தாய் அவரை அழைத்துக்கொண்டு நியூயார்க் நகருக்குப் பக்கத்தில் உள்ள யாங்கர்ஸ் என்ற ஊருக்குக் குடிபோய்விட்டாள்.

எல்லாவுக்கு அப்போது நடனத்தின் மீதுதான் ஆசை. தெருவில் ஆடுவாள். பள்ளிக்கூடத்தில் ஆடுவாள். பெரிய நடனக்காரி ஆகவேண்டும் என்று கனவு கண்டாள்.

ஒரு நாள் தாய் ஓர் இசைத்தட்டு வாங்கி வந்தாள். கோனி பாஸ்வெல் என்ற பாடகியின் இசைத்தட்டு. கோனி, சிறு வயதிலேயே நடக்கும் சக்தியை இழந்தவர். உட்கார்ந்தபடியே பாடிப் புகழ் பெற்றவர். அந்தத் தட்டைக் கேட்ட எல்லா, அதேபோலப் பாடிப் பாடிப் பார்த்தாள்.

1932-ல் தாய் இறந்துவிட்டாள். எல்லாவுக்கு வயது 15.

அதன் பிறகு பட்ட துன்பம் கொஞ்சம் அல்ல. உறவினர் வீட்டில் இருந்தாள். பள்ளிக்கூடம் நின்றது. சூதாட்டக்காரர்களுக்கு எடுபிடி வேலை செய்தாள். பிடிபட்டு, அனாதை விடுதிக்கும் பிறகு சீர்திருத்தப் பள்ளிக்கும் அனுப்பப்பட்டாள். அங்கிருந்து தப்பி ஓடி வந்தாள். நியூயார்க்கில் கறுப்பு இன மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியின் தெருக்களில் பாடிக் காசு வாங்கினாள்.

தந்தி அடித்த கால்கள்

ஹார்லெமில் "அப்போலோ" என்ற நாடகக் கொட்டகை உண்டு. அங்கே புதியவர்களுக்குப் போட்டி நடத்துவார்கள். யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம். பிடிக்காவிட்டால், மக்கள் கூச்சல் போட்டு இறக்கிவிடுவார்கள்.

1934-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி இரவு, எல்லா அங்கே போனாள். ஆடுவதற்காகத்தான் பெயர் கொடுத்து இருந்தாள்.

ஆனால், அவளுக்கு முன்பு எட்வர்ட்ஸ் சகோதரிகள் ஆடினார்கள். கொட்டகையே அதிர்ந்தது. அதைப் பார்த்த எல்லாவுக்குக் கால்கள் தந்தி அடித்தன. "இதற்குப் பிறகு நான் ஆடினால் எடுபடுமா?" என்ற பயம்.

மேடையில் போய் நின்றாள். அழுக்கு உடை. கலைந்த தலை. ஆட முடியவில்லை. திரும்பிப் போகவும் முடியவில்லை.

பாடினாள்!

தாய் வாங்கி வந்த தட்டு கைகொடுத்தது. கோனி பாஸ்வெல் பாணியில் பாடினாள். கூச்சல் அடங்கியது. இன்னொரு பாட்டு கேட்டார்கள். அதையும் பாடினாள்.

முதல் பரிசு 25 டாலர் அவளுக்குக் கிடைத்தது. அப்போது வயது 17.

நடனக்காரி ஆக வந்தவள், பாடகி ஆகித் திரும்பினாள்.

கூன் முதுகு மேதை

பரிசு வாங்கினாலும், உடனே வேலை கிடைத்துவிடவில்லை. தோற்றத்தைப் பார்த்துத் தயங்கினார்கள்.

சிக் வெப் என்பவர் அப்போது ஹார்லெமில் பெயர் பெற்ற டிரம் வித்வான். சிறு வயதில் முதுகெலும்பைக் காசநோய் தாக்கியதால் கூன் விழுந்தவர். உருவம் சிறிது. ஆனால், அவர் டிரம் அடித்தால் "சவாய்" நடன மண்டபமே குலுங்கும்.

அவரும் முதலில் எல்லாவை ஏற்கத் தயங்கினார். யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு நடன விருந்தில் பாடவைத்துப் பார்த்தார். மாணவர்கள் ரசித்தார்கள். அவ்வளவுதான், 1935 முதல் எல்லா அவருடைய குழுவின் பாடகி ஆனார்.

1938-ம் ஆண்டு மே மாதம், குழந்தைகள் பாடும் ஒரு பழைய விளையாட்டுப் பாட்டை எல்லா எடுத்துக்கொண்டார். மஞ்சள் கூடையைத் தொலைத்துவிட்ட ஒரு சிறுமியின் பாட்டு. இசை அமைப்பாளர் வான் அலெக்சாண்டருடன் சேர்ந்து அதற்குப் புது உருவம் கொடுத்தார். "எ டிஸ்கட், எ டாஸ்கட்" என்ற பெயரில் இசைத்தட்டு வெளிவந்தது.

10 லட்சம் தட்டுகள் விற்றன! 21 வயதில் எல்லாவின் பெயர் அமெரிக்கா முழுவதும் பரவியது.

ஆனால், அடுத்த ஆண்டு ஜூன் மாதம் சிக் வெப் காலமானார். 22 வயதுப் பெண்ணான எல்லாவின் பெயரிலேயே அந்தக் குழு மேலும் மூன்று ஆண்டு நடந்தது.

வாயே எக்காளம்

எல்லா பாடியது "ஜாஸ்" இசை. அமெரிக்கக் கறுப்பு இன மக்களிடம் பிறந்த இசை அது. மெட்டை மனதில் வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் தோன்றுகிறபடி மாற்றி மாற்றிப் பாடலாம், வாசிக்கலாம். அதுதான் ஜாசின் உயிர்.

1940-களில் டிசி கில்லெஸ்பி என்ற எக்காள வித்வானுடன் எல்லா ஊர் ஊராகப் போனார். அவர் எக்காளம் ஊதுவதைக் கூர்ந்து கேட்டார். "இந்த எக்காளம் செய்வதை என் வாயால் செய்ய முடியாதா?" என்று முயன்றார்.

வார்த்தைகள் இல்லை. பொருள் இல்லை. மழலை போன்ற ஒலிகள் மட்டும். ஆனால், தாளம் தப்பாது. சுருதி விலகாது. இப்படிப் பாடுவதற்கு "ஸ்காட்" என்று பெயர். 1945-ல் பதிவு செய்த "பிளையிங் ஹோம்", 1947-ல் பதிவு செய்த "லேடி பி குட்" ஆகிய இரண்டு தட்டுகளும் அதற்குப் பெயர் பெற்றவை.

ஆங்கிலம் ஒரு சொல் தெரியாதவரும் இவற்றைக் கேட்டு ரசிக்கலாம். ஸ்காட் பாடும் இடங்களில் புரிந்துகொள்ள வேண்டிய வார்த்தையே இல்லை!

கைது செய்தவர்கள் கேட்ட கையெழுத்து

புகழ் வந்த பிறகும் நிறவெறி அவரை விடவில்லை.

அவருடைய நிர்வாகி நார்மன் கிரான்ஸ் ஒரு வெள்ளையர். ஆனால், "வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பர் ஒரு பக்கம் என்று உட்கார வைத்தால் கச்சேரி கிடையாது" என்பதில் உறுதியாக இருந்தார்.

1955-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி, டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரில் கச்சேரி. இரு இனத்தவரும் கலந்து உட்கார்ந்தார்கள். போலீசார் சிலருக்கு அது பொறுக்கவில்லை. இசைக்குழுவினரில் சிலர் உடை மாற்றும் அறையில் பகடை விளையாடிக்கொண்டு இருந்தார்கள். அதைக் காரணம் காட்டி உள்ளே நுழைந்தார்கள்.

எல்லா விளையாடவில்லை. சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். அவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

போலீஸ் நிலையத்தில் நடந்ததைப் பிற்காலத்தில் எல்லாவே சொல்லி இருக்கிறார். கைது செய்து கொண்டுபோனவர்களே அவரிடம் கையெழுத்து வேண்டும் என்று கேட்டார்களாம்!

ஜாமீன் கட்டினார்கள். அன்று இரவே எல்லா திரும்பி வந்து அடுத்த கச்சேரியில் பாடினார். வழக்கு பிறகு கைவிடப்பட்டது.

எட்டுப் பாட்டுப் புத்தகங்கள்

பழைய கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான் பாடலாம். 1948-ல் "எல்.பி." என்ற நீண்ட நேர இசைத்தட்டு வந்தது. ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்கு மேல் பாடலாம்.

கிரான்சுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு பாடலாசிரியரை எடுத்துக்கொண்டு, அவருடைய சிறந்த பாட்டுகளை எல்லாவின் குரலில் வரிசையாகத் தந்தால் என்ன?

1956-ல் முதல் தொகுப்பு வந்தது. கோல் போர்ட்டரின் 32 பாட்டுகள். ரோஜர்ஸ்-ஹார்ட், டியூக் எல்லிங்டன், இர்விங் பெர்லின், கெர்ஷ்வின் சகோதரர்கள் என்று 1964 வரை மொத்தம் எட்டுத் தொகுப்புகள். கெர்ஷ்வின் பாட்டுகளுக்கு மட்டும் ஐந்து தட்டுகள்!

தங்கள் பாட்டுகள் எவ்வளவு நல்லவை என்பது எல்லா பாடிக் கேட்ட பிறகுதான் தெரிந்தது என்று, அவற்றை எழுதிய ஐரா கெர்ஷ்வினே சொன்னார்.

இந்தத் தட்டுகளில் எல்லா வித்தை காட்டுவது இல்லை. ஒவ்வொரு சொல்லும் மணிமணியாகக் கேட்கும். பாடுகிறவர் பின்னால் நின்றுகொண்டு, பாட்டை முன்னால் அனுப்பி வைப்பது போல இருக்கும்.

மீண்டும் பெர்லின்

இப்போது பெர்லின் மேடைக்குத் திரும்புவோம். வார்த்தை மறந்துவிட்டது அல்லவா?

அந்தப் பாட்டுக்கும் அந்த ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1928-ல் பெர்லினில் மேடை ஏறிய நாடகத்தின் பாட்டு அது. எழுதியவர் பிரெக்ட், இசை அமைத்தவர் குர்ட் வைல் என்ற யூதர். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், இருவரும் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஜாஸ் இசையையும் நாஜிகள் இழிவு என்று தூற்றினார்கள்.

எல்லா நின்றுகொண்டு இருந்த மண்டபத்தை 1935-ல் திறந்துவைத்தவர் யார் தெரியுமா? அதே ஹிட்லர்!

அந்த மண்டபத்தில், அந்தப் பாட்டை, ஒரு கறுப்பு இனப் பெண் பாடுகிறார். ஜெர்மானியர்கள் மெய்மறந்து கேட்கிறார்கள். அந்த நேரத்தில்தான் வரி மறந்தது.

எல்லா நிறுத்தவில்லை. மறந்துவிட்டது என்பதையே மெட்டில் பாடினார்! அடுத்த வரி என்ன என்று பாட்டிலேயே கேட்டார். அதே பாட்டைப் பாடித் தட்டு வெளியிட்டவர்களின் பெயரை இழுத்தார். தானும் தன் கூட்டாளிகளும் பாட்டைப் பாழாக்கிக்கொண்டு இருப்பதாகக் கேலி செய்தார். லூயி ஆம்ஸ்டிராங்கின் கரகரத்த குரலில் பாடிக் காட்டினார். தாளம் ஓர் இடத்திலும் தடுமாறவில்லை.

பாட்டு முடிந்தது. மண்டபம் ஆரவாரத்தில் மூழ்கியது.

அந்தத் தவறை வெட்டி எறியாமல், அப்படியே இசைத்தட்டாக வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு, இசைத்தட்டுகளுக்கு வழங்கும் "கிராமி" பரிசு அதற்குக் கிடைத்தது. பாட்டுக்கு ஒன்று, தொகுப்புக்கு ஒன்று என இரண்டு பரிசுகள்!

அதிர்ஷ்டம் என்று சிலர் நினைக்கலாம். அது அதிர்ஷ்டம் அல்ல. வார்த்தை இல்லாமல் பாடுவதற்கு அவர் ஆண்டுக்கணக்கில் பழகி இருந்தார். வார்த்தை கைவிட்டது, பழக்கம் கைகொடுத்தது.

கால்கள் போன பிறகு

வாழ்நாளில் 13 கிராமி பரிசுகளை எல்லா பெற்றார். ஆனால், நீரிழிவு நோய் அவரை வாட்டியது. கண் பார்வை மங்கியது. 1993-ல் இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியது ஆயிற்று.

நடனக்காரி ஆக ஆசைப்பட்டவர் அவர்!

1996-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி, பெவர்லி ஹில்சில் தன் வீட்டில் காலமானார். வயது 79.

பெர்லின் மண்டபத்தை 2011-ல் இடித்துவிட்டார்கள். பாடியவர் இல்லை. பாடிய இடமும் இல்லை.

இசைத்தட்டு இருக்கிறது. அதைப் போட்டால், வரி மறந்த இடம் இன்றும் வருகிறது. கேட்பவருக்கு ஒரு கணம் பகீர் என்கிறது. உடனே எல்லாவின் குரல் சிரித்துக்கொண்டே மேலே போகிறது.