பஸ்ஸில் போகலாம், ஆனாலும் மடுவுக்கு ஏன் நடக்கிறார்கள்?

ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் 15ஆம் திகதி நடைபெறும் மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கு வடக்கின் பல ஊர்களில் இருந்தும் மக்கள் நடந்து போகிறார்கள். உடுவிலில் இருந்து புறப்பட்ட அப்படியொரு குழுவோடு நானும் நடந்திருக்கிறேன். பஸ்ஸில் அரை நாளில் போய்ச் சேரக்கூடிய இடத்துக்கு ஒரு கிழமை நடப்பது எதற்கு என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

உடுவிலில் கிறிஸ்தவம் என்றால் அமெரிக்க மிஷன்தான் முதலில் நினைவுக்கு வரும். 1824இல் தொடங்கிய மகளிர் கல்லூரி இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. தமிழ் அகராதி தந்த வின்ஸ்லோ பணியாற்றிய ஊர் இது. எங்கள் குடும்பமும் அந்த மிஷன் வழிவந்த சபையைச் சேர்ந்தது. எங்களுக்கு மாதா வணக்கமும் இல்லை, நேர்த்தி வைத்து நடக்கும் வழக்கமும் இல்லை. அயலில் உள்ள சைவர்களுக்கோ செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்கு நடப்பது பழகிய விடயம். எங்கள் குழுவில் கத்தோலிக்கரே கூட. என்னைப்போல் சபைக்காரர் சிலரும், சைவத் தாய்மார் இருவரும் சேர்ந்திருந்தார்கள்.

மடு மாதாவின் கதையே ஓர் இடம்பெயர்வின் கதை. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள். 1670ஆம் ஆண்டளவில் மாந்தையில் இருந்த குடும்பங்கள் தங்கள் கோயிலின் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போய் மருதமடுவில் தங்கின என்பது வழிவழியாக வரும் வரலாறு. யாழ்ப்பாணத்தில் இருந்து ஓடியவர்களும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். 1687இல் கோவாவில் இருந்து மாறுவேடத்தில் வந்த யோசப் வாஸ் அடிகளார்தான், குருக்கள் இல்லாதிருந்த அந்த மக்களுக்கு மீண்டும் பூசை ஒப்புக்கொடுத்தவர். ஒல்லாந்தர் காலத்தில் உடுவிலும் அவர்களுடைய கோயிற்பற்றுகளில் ஒன்று. கலைத்தவர்கள் புரட்டஸ்தாந்தர், நானும் புரட்டஸ்தாந்தன். இது நடக்கும்போது அடிக்கடி மனதில் வந்தது.

நாங்கள் போனது நாவற்குழியில் பிரிந்து சங்குப்பிட்டி, பூநகரி ஊடாக மன்னாருக்குப் போகும் ஏ-32 வீதி. நூறு கிலோமீற்றருக்கும் கூடுதலான நடை. விடிய மூன்று மணிக்குப் புறப்பட்டு, வெயில் ஏறமுன் ஒரு கோயிலிலோ பாடசாலையிலோ ஒதுங்கி, பின்னேரம் திரும்ப நடப்போம். சமையல் பாத்திரங்களும் பாய்களும் லான்ட்மாஸ்டரில் முன்னே போகும். நடப்பவர் கையில் தண்ணீர்ப் போத்தலும் செபமாலையும் மட்டும். சங்குப்பிட்டியில் சோளகக் காற்று முகத்தில் அடித்து ஆளைப் பின்னுக்குத் தள்ளும். மூன்றாம் நாள் கால் கொப்புளிக்கும். வழியில் தெரியாத ஊர்ச்சனம் மோரும் தேத்தண்ணியும் கொண்டுவந்து தரும்.

இந்த வீதியில் எங்களுக்குத் தெரியாத இடம் குறைவு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து நடந்தபோது, மழைக்குள் நெரிபட்டுக் கடந்தது இதே நாவற்குழிப் பாலத்தைத்தான். அன்று வயதானவர்களைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனவர்கள் இன்று தாங்களே வயதானவர்கள். பாலத்தில் ஏறியதும் செபமாலை தானாக நின்றுபோனது. ஒருவரும் பேசவில்லை.

வெள்ளாங்குளம் தாண்டினால் தேவன்பிட்டி. 2008 ஏப்ரலில் மடுவைச் சுற்றி எறிகணைகள் விழத் தொடங்கியபோது, குருக்கள் சொரூபத்தை எடுத்துவந்து வைத்தது இந்தக் கரையோரக் கிராமத்தின் கோயிலில்தான். அந்த ஓகஸ்டில் அது மடுவுக்குத் திரும்பியது. சனத்தைப்போலவே மாதாவும் இடம்பெயர்ந்தா என்று வன்னிச் சனம் சொல்வது இதனால்தான்.

மாந்தைக்கு வந்ததும் சைவத் தாய்மார் திருக்கேதீச்சரத்தில் பாலாவியில் கால் நனைத்துக் கும்பிட்டு வந்தார்கள். மாந்தையில் இருந்து முருங்கன், மடுச்சந்தி வழியாகக் காட்டுக்குள் திரும்பும்போது, அந்தக் குடும்பங்கள் சொரூபத்தோடு புறப்பட்ட இடத்தில் இருந்து போய்ச்சேர்ந்த இடத்துக்கு நாங்களும் நடக்கிறோம்.

மடு 1990 தொடக்கம் பல்லாயிரம் அகதிகளுக்குத் தஞ்சம் கொடுத்த இடம். 1999 நவம்பர் 20இல் ஆலய வளாகத்தில் எறிகணைகள் விழுந்து, அங்கே பாதுகாப்புத் தேடியிருந்தவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாதாவின் காலடியிலும் சாவு வந்தது. அது தெரிந்தும் சனம் போகிறது.

எங்களோடு நடந்த ஒரு தாய், 2009இல் காணாமல் போன மகனின் படத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தா. “கால் நோகுதோ அம்மா?” என்று கேட்டேன். “அலுவலகங்களுக்கு நடந்த நடையைவிட இது பெரிசே தம்பி? அங்க திருப்பி அனுப்புவினம். இங்க ஒருத்தரும் அனுப்பமாட்டினம்” என்றா. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். ஆண்டகை 2021இல் காலமாகிவிட்டார். கேள்விக்குப் பதில் வரவில்லை.

நாங்கள் நடந்த நடைகளில் பெரும்பாலானவை பிறர் கலைத்து நடந்தவை. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று தெரியாது. மடு நடையில் போகும் இடமும் திரும்பும் நாளும் தெரியும். அதே வீதியை, பயமில்லாமல், நாங்களே தீர்மானித்து நடக்கிறோம். கேட்டவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

நடக்க விரும்புவோருக்கு: முழுத்தூரமும் முடியாதவர்கள் தேவன்பிட்டியிலோ மடுச்சந்தியிலோ சேர்ந்துகொள்ளலாம். பழகிய செருப்பையே போடுங்கள். யாராவது படத்தோடு நடந்தால் விபரம் கேட்கவேண்டாம். அவராகச் சொல்லும்வரை பக்கத்தில் நடந்தால் போதும்.