உங்களுக்குத் தெரியுமா? போருக்கென்றே செய்யப்பட்ட ஓர் இனம்

1974-இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் முதல் பதிப்பில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுபவர்கள் மனிதராகவோ எல்ஃபாகவோ குள்ளராகவோ ஹாபிட்டாகவோ வேடம் ஏற்கலாம். பிறகு சேர்ந்த கற்பனை இனங்களில் பல, காது நீண்ட மனிதர்களாகவே நின்றுவிட்டன.

கீத் பேக்கர் உருவாக்கி 2004-இல் வெளிவந்த அதே விளையாட்டுக்கான ‘எபெரான்’ உலகின் வார்ஃபோர்ஜ்டு இனம் அப்படியல்ல. மரம், கல், உலோகம் கொண்டு போர்க்களத்துக்கென்றே பட்டறையில் செய்த உயிர்கள் இவை. பசி கிடையாது, உறக்கம் கிடையாது, மூச்சுகூட விட வேண்டாம். அப்படியானால் எல்லோரும் இதையே எடுப்பார்களே? அதற்கு அன்றைய விதிகளில் கடிவாளம் இருந்தது. காயம் தானாக ஆறாது. குணப்படுத்தும் மந்திரமும் பாதிதான் பலிக்கும். முழுதாகச் சரியாக, கைதேர்ந்த கைவினைஞரோ பழுதுநீக்கும் மந்திரமோ வேண்டும்.

இந்தக் கணக்குகளைவிடச் சுவையானது இவர்களின் வரலாறு. அந்த உலகின் ‘கடைசிப் போரை’ முடித்த த்ரோன்ஹோல்டு ஒப்பந்தம் இவர்களுக்கு விடுதலை தந்தது; கூடவே, இனிப் புதிதாக யாரையும் செய்யக் கூடாது என்று தடையும் போட்டது. பிள்ளைப்பேறோ இல்லை. கடைசிப் போருக்காகச் செய்தவர்களில் மூத்தவருக்கே வயது முப்பதைச் சற்றுத்தான் தாண்டும். சண்டை தவிர வேறெதுவும் பழகாதவர் அமைதிக் காலத்தில் என்ன வேலைக்குப் போவார்? பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே ஆடுபவருக்குக் கதை கிடைத்துவிடுகிறது. தடையை மீறி, இவர்களை வடித்த கானித் குலத்தில் சிலர் திருட்டுத்தனமாக இன்னும் உலையை மூட்டுவது வேறு கதை.