சேவைகளைத் துயிலெழுப்பும் முறை

விடுதியில் வாழ்ந்த பழைய மாணவர் எவரும் வைகறை மணியோசையை மறந்திரார். மணி கேட்டவுடன் எழுவோர் சிலர். சற்றுப் பொறுத்து எழுவோர் சிலர். ஒருவர் வந்து தட்டினாலன்றி எழாதார் சிலர். கணினிச் சேர்வரில் இயங்கும் சேவைகளும் இத்தன்மையனவே.

விண்டோஸ் சேர்வரில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு தொடக்க முறை வகுக்கப்பட்டுள்ளது. இயந்திரத்தோடு தானும் எழுவது தானியக்கம். அவ்வாறு எழுந்தவற்றின் பின், வழக்கமாக 2 நிமிடம் கழித்து எழுவது தாமதத் தானியக்கம். அழைத்தால் மட்டும் எழுவது கைம்முறை. அழைப்பினும் எழாதது முடக்கம்.

எஸ்.கியூ.எல். சேர்வர் என்னும் தரவுத்தளத்தில் இரு சேவைகள் முதன்மையானவை. தரவைக் காத்து வழங்குவது எஞ்சின். குறித்த வேளையில் காப்புப்பிரதி எடுத்தல் முதலிய பணிகளை நடத்துவது ஏஜென்ற். நிறுவும்போது நாம் மாற்றாவிடின், ஏஜென்ற் கைம்முறையிலேயே நின்றுவிடும்.

இதனை யாம் இழப்பினாற் கற்றோம். யாம் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் ஓரிரவு சேர்வர் மீளத் தொடக்கப்பட்டது. எஞ்சின் எழுந்தது; காலையில் எல்லோரும் வழமைபோற் பணிசெய்தனர். ஏஜென்ற் உறங்கியதை யாம் நோக்கினோமல்லோம். ஒன்பதாம் நாள் வட்டு பழுதுற்றது. ஒன்பது நாட் பதிவுகளையும் காகிதக் கட்டுகளிலிருந்து எழுதுவினைஞர் மீளப் பதிய நேர்ந்தது.

அன்றுமுதல் இப்பணியைக் கண்ணுக்கும் நினைவுக்கும் விடாது, பவர்ஷெல் நிரலொன்றுக்கு ஒப்புவித்தோம். அது சேர்வர்களின் பட்டியலைப் படித்து, ஒவ்வொன்றிலும் தரவுத்தளச் சேவைகளைத் தேடி, உள்ள முறையை இருக்கவேண்டிய முறையோடு ஒப்பிடும். மாறுபட்டதை 'செற்-சேர்விஸ்' என்னும் கட்டளையால் திருத்தி, செய்ததைக் கோப்பிற் பதியும்.

இளையோர் மூன்றை மனங்கொள்க. ஒரே சேர்வரிற் பல தரவுத்தளங்கள் நிறுவப்படின் சேவைப் பெயர்கள் வேறுபடும். ஆகவே ஒரு பெயரை மட்டும் தேடுதல் போதாது. முறையை மாற்றுதல் சேவையைத் தொடக்குதல் ஆகாது. உறங்குவதை உடனே எழுப்பவும் வேண்டும். பல சேர்வர்கள் கூடிய கிளஸ்ரர் அமைப்பில் எஞ்சினைக் கைம்முறையிலேயே விடுக. அங்கு எதனை எங்கே எழுப்புவதென்பதைக் கிளஸ்ரரே தீர்மானிக்கும்.

இவ்வளவும் செய்தபின், ஓய்வான ஓரிரவில் சேர்வரை மீளத் தொடக்கி, யாவும் எழுந்தனவா என நேரிற் காண்க. மணியடித்தபின் விடுதியைச் சுற்றிவந்து பார்த்த எம் ஆசிரியரிடம் யாம் கற்ற பழக்கம் அதுவே.