மாத்திரையை ஆக்கும் நொதி

"மரபணுவை மாற்றிச் செய்த மாத்திரையாமே, சாப்பிடலாமா?" என நீரிழிவு நோயாளிகள் சிலர் எங்களிடம் கேட்கின்றனர். அச்சத்தால் மருந்தையே நிறுத்தியவர்களும் உண்டு. உண்மை என்ன?

இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் சிட்டாகிளிப்டின் மருந்தை எடுத்துக்கொள்வோம். முன்பு ரோடியம் என்னும் விலையுயர்ந்த உலோகமும் உயர் அழுத்த ஹைட்ரஜன் வாயுவும் கொண்டு இது தயாரிக்கப்பட்டது. மருந்தில் கலந்த உலோகத்தைப் பின்னர் நீக்கவும் வேண்டியிருந்தது. மெர்க், கோடெக்சிஸ் நிறுவனங்களின் அறிவியலாளர்கள், நுண்ணுயிரி ஒன்றின் நொதியில், அதாவது என்சைமில், படிப்படியாக 27 மாற்றங்களைச் செய்து, அந்த உலோகத்தின் வேலையை அதனிடம் ஒப்படைத்தனர். 2010இல் வெளியான அம்முறையால் கழிவு 19 விழுக்காடு குறைந்தது, விளைச்சலும் கூடியது. நொதிகளை இவ்வாறு படிப்படியாக மேம்படுத்தும் வழியைக் காட்டிய பிரான்செஸ் அர்னால்டு, 2018இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

நொதி வெறும் கருவியே. சிலை செதுக்கிய உளி சிலையில் தங்குவதில்லை. அதுபோல, வேலை முடிந்ததும் நொதி பிரித்து நீக்கப்படுகிறது. எவ்வழியில் செய்தாலும் உங்கள் கைக்கு வரும் மருந்து மூலக்கூறு ஒன்றே. அது உங்கள் மரபணுவைத் தொடுவதில்லை.

ஐயம் எழுந்தால் எங்களிடம் கேளுங்கள். மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.